கழுதையூற்றின் நான்கு நாற்காலிகள்

கழுதையூற்று முகாமில் கழுதையும் கிடையாது, ஊற்றும் கிடையாது. கழுதை செத்து நூறு வருஷம் ஆகிறது. ஊற்று அதற்கு முன்பே கோபித்துக்கொண்டு போய்விட்டது. நெவாடாவின் உப்புவெளிக்கு மேலே, ஏழாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், ஜூனிப்பர் மரங்களுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே கூடாரம் போட ஆறு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரமேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கைப்பம்பு, ஒரு கழிப்பறை. தார்ச்சாலையிலிருந்து இருபத்து மூன்று மைல் மண்பாதை. அந்தப் பாதை குலுக்குகிற குலுக்கலில், கீழே வாங்கிய பால் மேலே வந்து சேரும்போது வெண்ணெயாகத் திரண்டிருக்கும். பல்செட்டுக்காரர்கள் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள்.

முன்பதிவு என்கிற பேச்சே அங்கே இல்லை. முதலில் வந்தவருக்கு இடம். வந்தவர் ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டால் போதும், அந்த இடம் அவருடையது. பிறகு அவர் மலையேறப் போகலாம், ஐஸ் வாங்க ஊருக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொண்டுகூட வரலாம். நாற்காலியை ஒருவரும் தொடமாட்டார்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் வண்டியைத் திருடியிருக்கிறார்கள், மாட்டைத் திருடியிருக்கிறார்கள், ஒருமுறை மாதாகோயில் மணியையே கழற்றிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் ஒரு நாற்காலி விரித்துக் கிடந்ததால், மணியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் சுற்றிப் போனார்களாம்.

முகாம் பொறுப்பாளர் வெர்லின் ஹாட்சுக்கு இந்த நாற்காலிப் பழக்கம் பிடிக்காது. வயது எழுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் பதினோரு வருஷமாக, மே தொடங்கி அக்டோபர்வரை, தன் டிரெய்லர் வீட்டை முகாம் வாசலில் நிறுத்திக்கொண்டு சம்பளமில்லாமல் இந்த வேலையைப் பார்க்கிறார். யாரோடு பேசினாலும் பஸ் கண்ணாடியில் பார்ப்பதுபோல் நெற்றியை உயர்த்தித்தான் பார்ப்பார். புதிதாக வருகிறவர்களுக்கு விதிகளை எடுத்துச் சொல்ல அவருக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆகும். அவர் ஆரம்பித்தபோது மழமழவென்றிருந்த ஓர் இளைஞன், முடித்தபோது தாடியோடு நின்றதாகக் கேள்வி.

விதிப்படி, இடம் பிடித்தவர் முதல் இரவே அங்கே படுக்க வேண்டும். ஆளில்லாமல் கிடக்கும் பொருளை அப்புறப்படுத்தலாம். ஆனால் வெர்லினும் அந்த மலைக்காரர்தானே, நாற்காலியைத் தொட அவருக்கும் கை வராது. அதனால் நோட்டீஸ் எழுதி அதன் முதுகில் ஒட்டுவார். பதினோரு வருஷத்தில் நாற்பத்தொரு நாற்காலிகளுக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். ஒரு நாற்காலிகூட பதில் எழுதியதில்லை.

அந்த ஆகஸ்டில் அவருக்கே ஒரு நோட்டீஸ் வந்தது. வனத்துறை வட்டார அலுவலகத்திலிருந்து கடிதம். ஆள் வராத முகாம்களை மூடப்போகிறார்கள். செப்டம்பர் இரண்டாவது புதன்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அன்றைக்கு ஆறில் நான்கு இடங்களிலாவது ஆள் இருந்தால் முகாம் தொடரும். இல்லாவிட்டால் கதவுக்குப் பூட்டு, கழிப்பறைக்குப் பூட்டு, பம்புக்கும் பூட்டு.

வெர்லின் கடிதத்தை மூன்று தடவை படித்தார். முகாம் போனால் அவர் வருஷம் முழுக்க ரீனோவில் மகள் வீட்டில் இருக்க வேண்டும். மகள் தங்கமானவள். கார் கொட்டகைக்கு மேலே நல்ல அறை கொடுத்திருக்கிறாள். சிக்கல் மருமகன்தான். அவன் எல்லாவற்றையும் விளக்குகிறவன். டோஸ்டர் எப்படி ரொட்டியைச் சுடுகிறது என்று போன குளிர்காலத்தில் வெர்லினுக்கு இரண்டு நாள் விளக்கினான். ஆறு மாசம் அதைத் தாங்க முடிந்ததே, மே மாசம் வரும் என்ற ஒரே நம்பிக்கையால்தான்.

அந்தப் புதன்கிழமை விடிந்தபோது முகாமில் இரண்டு இடங்களில்தான் ஆள் இருந்தது. இரண்டாம் இடத்தில் ஆர்ஃபாவும் அவள் கணவர் லாமரும். கல்யாணமாகி ஐம்பத்து நாலு வருஷம். லாமருக்குக் காது கேட்காது. எப்போதிலிருந்து என்று கேட்டால், கல்யாணத்துக்கு அடுத்த வாரத்திலிருந்து என்பார். ஆறாம் இடத்தில் பென்யாத், ஸ்பெயின் மலைப்பக்கத்துப் பாஸ்க்குக்காரர், நாற்பது வருஷம் அந்த மலைகளில் ஆடு மேய்த்து ஓய்ந்தவர். அவருடைய இரும்புச் சட்டியில் பீன்ஸும் பூண்டும் காலையிலேயே கொதித்துக்கொண்டிருந்தன. ஞாயிறு வந்த கூட்டமெல்லாம் ஞாயிறே போய்விட்டது. வாரநாளில் இருபத்து மூன்று மைல் குலுங்கி வர யாருக்கு நேரமிருக்கிறது?

வெர்லினும் அந்த மூவரும் காப்பியோடு உட்கார்ந்திருந்தபோது ஆர்ஃபாதான் யோசனை சொன்னாள்.

"வெர்லின், உன் கொட்டகையில யாரோ விட்டுட்டுப் போன நாற்காலிங்க ஒரு கட்டு கெடக்கே. நாலை எடுத்து நாலு எடத்துல விரிச்சுப் போடு. நாற்காலி இருந்தா ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்."

வெர்லின் நெற்றியை உயர்த்தினார். அது விதிமீறல் என்றார். எந்த விதி, எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்றும் சொன்னார். பென்யாத் முழுக்கக் கேட்டுவிட்டு, கரண்டியைச் சட்டியில் தட்டினார்.

"சரிய்யா. மீறாதே. மருமகப்பிள்ளைகிட்ட போய் உக்காந்துக்கோ. டோஸ்டர் முடிஞ்சிருச்சு, இந்த வருஷம் ஃப்ரிட்ஜுலேர்ந்து ஆரம்பிப்பாரு."

வெர்லின் காப்பியைக் கீழே வைத்தார். எழுந்து, வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு கழிப்பறையைச் சுத்தம் செய்யப் போனார். அது முந்தின நாள்தான் சுத்தமானது. அன்று அவர் உள்ளே நாற்பது நிமிஷம் இருந்தார். வெளியே நாற்காலிகள் விரிகிற கிரீச் சத்தம் நான்குமுறை கேட்டது. நான்குமுறையும் அவர் பலமாகத் தேய்த்தார். கொட்டகைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தது தற்செயல்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அந்தச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியது அன்றுதான்.

வெளியே வந்தவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். நாற்காலி போட்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஒன்றாம் இடத்தில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நாலாம் இடத்து மேஜையில் பாதி குடித்த காப்பிக் கோப்பை. ஐந்தாம் இடத்தில் ஒரு ஜோடி பூட்ஸ், கால்கள் இப்போதுதான் வெளியே வந்ததுபோல் வாய் பிளந்து நின்றன. மூன்றாம் இடத்தில் நாற்காலிமேல் ஒரு தூண்டில் சாய்ந்திருந்தது.

அந்த மலையைச் சுற்றி அறுபது மைலுக்கு மீன் கிடையாது. மீன் இருக்கத் தண்ணீர் வேண்டும். போன வருஷம் பம்பில் வந்த தண்ணீரே புழுதியாக இருந்து, ஆர்ஃபா அதைச் சலித்துக் குடித்தாள்.

தூண்டிலை எடுத்துவிட அவர் இரண்டடி வைத்தார். அதற்குள் வனத்துறையின் பச்சை வண்டி வளைவில் வந்துவிட்டது.

அதிகாரி முப்பது வயதுப் பெண். பெயர் மாரிசேலா. சாயங்காலம் வருவாளென்று எல்லோரும் நினைத்திருக்க, உச்சிவெயிலில் வந்து இறங்கினாள். கையில் அட்டை, அட்டையில் தாள். வெர்லின் கூட நடந்தார். பொய் சொல்வதில்லை என்று அவர் வழியிலேயே முடிவு செய்துகொண்டார். கண்ணில் தெரிவதை மட்டும் சொல்வது. அதில் குற்றமில்லையே.

ஒன்றாம் இடத்தில் அவள் ஆள் எங்கே என்று கேட்டாள். "நாற்காலி இருக்கு மேடம்," என்றார் வெர்லின். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். அவளும் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். விரித்த நாற்காலியைக் காலி என்று சொல்ல அவளுக்கும் நாக்கு வராது.

மூன்றாம் இடத்தில் அவள் கொஞ்சம் நேரம் நின்றாள்.

"மீன் பிடிக்கிறவரா சார்?"

"நாற்காலி இருக்கு மேடம்."

"தூண்டிலும் இருக்கே."

ஆறாம் இடத்திலிருந்து பென்யாத் குரல் கொடுத்தார். "அவரு ரொம்ப நம்பிக்கையுள்ள மனுஷன்மா."

மாரிசேலா சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டு, தன் வண்டிக்குப் போய் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். சாயங்காலம்வரை இருப்பாளாம். வெர்லின் தன் டிரெய்லர் படியில் உட்கார்ந்தார். ஆறுக்கு ஆறு. முகாம் பிழைத்தது. அவருக்கோ, பஸ்ஸில் ஒரு பிள்ளையை எண்ணாமல் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததுபோல நெஞ்சுக்குள் எதுவோ உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் கீழே உப்புவெளியில் ஒரு புழுதிவால் தெரிந்தது. முதலில் சுழற்காற்று என்றுதான் நினைத்தார். அது வளைந்து மலைப்பக்கம் திரும்பியது. சுழற்காற்றுக்கு வளைவில் வேகத்தைக் குறைக்கத் தெரியாது, இது குறைத்தது.

ஒரு மணி நேரத்தில் ஒரு சிவப்பு வண்டி முகாமுக்குள் வந்தது. கூரைமேல் கூடாரமூட்டை, உள்ளே கணவன், மனைவி, வெளிறிப்போன இரண்டு பெண்குழந்தைகள். வண்டி மெதுவாக ஒரு சுற்று வந்தது. ஒன்றில் நாற்காலி. இரண்டில் ஆர்ஃபா. மூன்றில் நாற்காலி. நாலில், ஐந்தில் நாற்காலி. ஆறில் பென்யாத். சுற்று முடிந்து வெர்லின் முன்னால் வந்து நின்றது.

"எல்லாம் நெறைஞ்சிருச்சா சார்?" என்று ஓட்டி வந்த பெண் கேட்டாள்.

வெர்லின் வாயைத் திறந்தார். பச்சை வண்டிக்குள் மாரிசேலா ரொட்டியைக் கடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லின் வாயை மூடினார்.

"பரவால்ல சார், நாற்காலி போட்டிருக்கறதைப் பார்த்தோம்," என்றாள் அந்தப் பெண். "சீக்கிரம் வந்திருக்கணும்." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஆள் வருவதில்லை என்று மூடப்போகிற முகாம். வந்த ஆளை, ஆள் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியாயிற்று. ஆர்ஃபா தன் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தாள். பென்யாத் சட்டிக்குள் எதையோ தொலைத்ததுபோல் குனிந்து பார்த்தார். லாமருக்கு மட்டும் ஒன்றும் புரியாமல், நல்ல குடும்பமாகத் தெரிகிறதே, ஏன் போகிறார்கள் என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார்.

வெர்லின் எழுந்தார். அவர் ஓடி அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு முழங்கால்களில் ஒன்றுதான் அவருடையது, இன்னொன்று ஆஸ்பத்திரியில் வைத்தது. இரண்டும் ஒரே திசையில் ஓட ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. பிறகு ஓடினார் பாருங்கள், ஒரு முயல் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. நல்லவேளையாக வளைவு தாண்டினதும் வண்டி நின்றிருந்தது. சின்னவள் பாதையோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு எடம் காலியா இருக்கும்மா," என்றார் வெர்லின், மூச்சு வாங்க. "எதுவேணா எடுத்துக்கோ. அந்த நாற்காலியில எல்லாம் ஆள் இல்லே. நான்... நாங்க போட்டது."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு?"

"ஆள் வரணும்னு," என்றார் வெர்லின். அவருக்கே அது சரியாகப் படவில்லை.

அவர் வண்டிக்கு முன்னால் நொண்டி நடந்து, அதை உள்ளே கூட்டி வந்தார். மாரிசேலா இறங்கி நின்றிருந்தாள். வெர்லின் யாரையும் பார்க்காமல் போய் ஒன்றாம் இடத்து நாற்காலியை மடக்கினார். மூன்றை மடக்கினார், நாலை மடக்கினார், ஐந்தை மடக்கினார். நான்கையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றார். கொட்டகைச் சாவியைத் தானேதான் மேஜைமேல் வைத்ததாகச் சொன்னார். கழிப்பறைக்குள் இருந்தபோது சத்தம் நன்றாகவே கேட்டது என்றார். எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு, மற்ற இருவரும் தன் பேச்சைக் கேட்டு நடந்தவர்கள் என்று அவர் சொன்னபோது பென்யாத் இருமினார்.

மாரிசேலா அட்டையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆறு என்று எழுதியிருந்தது, பென்சிலில்.

"சூரியன் மறையறப்ப இருக்கற கணக்குதான் சார் பேனாவுல எழுதணும். மத்தியானம் வந்தது சும்மா பார்க்கத்தான்." ரப்பரால் ஆறை அழித்தாள். "அந்தத் தூண்டிலைப் பார்த்ததும் பேனாவை எடுக்கவே மனசு வரலே."

சிவப்பு வண்டிக்காரர்கள் நாலாம் இடத்தில் கூடாரமூட்டையை இறக்கினார்கள். ஆக மூன்று. இன்னும் ஒன்று வேண்டும். மணி நாலு. எல்லோரும் விளிம்பில் போய் நின்று உப்புவெளியைப் பார்த்தார்கள். ஒரு புழுதிகூட எழவில்லை.

லாமரை ஒன்றாம் இடத்தில் தனியாகப் படுக்க வைக்கலாம் என்று ஆர்ஃபா சொன்னாள். இந்த ஒரு வாக்கியம் மட்டும் லாமருக்குத் தெளிவாகக் கேட்டது. உடனே எழுந்து போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த அவசரத்தைப் பார்த்ததும் ஆர்ஃபாவுக்கு முகம் சிவந்துவிட்டது, "எங்கே கெளம்பிட்டே? உக்காரு," என்றாள். எப்படியும் ஒரே வீட்டு முகவரிக்காரர்கள் ஓர் இடம்தான், தாளில் அப்படிப் போட்டிருக்கிறது என்றாள் மாரிசேலா.

"அப்ப இவரு?" பென்யாத் கரண்டியால் வெர்லினைக் காட்டினார். "இவரு ஒரு ஆள் இல்லையா?"

பொறுப்பாளரின் இடம் ஆறில் சேராது, பொறுப்பாளரும் முகாம் போட வந்தவராகக் கணக்கில் வரமாட்டார் என்று வெர்லினே விளக்கினார். எந்தப் பத்தி என்றும் சொன்னார். அது தனக்கெதிரான பத்தி என்பதற்காக அவர் குரல் ஒரு இழைகூட இறங்கவில்லை.

மாரிசேலா தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "சார், பொறுப்பாளருக்கு வாரம் ஒரு நாள் லீவு உண்டு. நீங்க எப்ப எடுத்தீங்க?"

வெர்லின் யோசித்தார். எடுத்ததாக நினைவில்லை.

"பதினோரு வருஷமாவா?"

"நான் லீவு போட்டா விதியை யார் மேடம் பார்த்துக்கறது?"

"இன்னிக்கு நான் பார்த்துக்கறேன். லீவுல இருக்கற மனுஷன் ராத்திரி எங்க போய்ப் படுக்கறாருன்னு கேக்க எனக்கு அதிகாரம் இல்லே. கூடாரம் போட்டு, சூரியன் மறையறப்ப அது நிமிந்து நின்னா, நான் ஒண்ணுன்னு எழுதுவேன். அவ்வளவுதான்."

வெர்லினின் டிரெய்லரை ஓர் இடத்துக்கு நகர்த்தலாமென்றால் அது அசையாது. அதன் டயர்கள் எட்டு வருஷத்துக்கு முன்பே மண்ணோடு சம்பந்தம் செய்துகொண்டன. பென்யாத் தன் பழைய இடையன் கூடாரத்தை, கான்வாஸ் துணியும் நாலு கழியுமாக, ஐந்தாம் இடத்தில் கொண்டுவந்து இறக்கினார். அப்போதுதான் யாரும் அதுவரை யோசிக்காத ஒன்று வெளியே வந்தது. வெர்லினுக்குக் கூடாரம் போடத் தெரியாது. பதினோரு வருஷமாக மற்றவர்கள் போடும்போது பின்னால் கைகட்டி நின்று யோசனை சொல்லியிருக்கிறார். தன் கையால் ஒரு முளையும் அடித்ததில்லை.

நாலு மணிக்கு மேல் அங்கே காற்று வரும். போன வருஷம் அந்தக் காற்று ஒரு பல் டாக்டரைக் கூடாரத்தோடு தூக்கிக்கொண்டு போய் அடுத்த மாவட்டத்தில் இறக்கியது. அங்கே நல்ல தொழில் நடக்கிறது என்று அவர் திரும்பி வரவேயில்லை. அன்றும் காற்று நேரத்துக்கு வந்தது. வெர்லின் ஒரு பக்கம் கழியை நட்டால் மறுபக்கம் படுத்தது. துணி அவரை இரண்டுமுறை சுருட்டிக்கொண்டது. உதவிக்கு வந்த பென்யாத்தை அவர் கையசைத்துத் தடுத்துவிட்டார். தானே போடாத கூடாரம் தன்னுடையது ஆகாது என்று அவருக்கு ஒரு எண்ணம். ஆகவே எல்லோரும் வரிசையாகக் கைகட்டி நின்று யோசனை சொன்னார்கள். காற்றுக்கு முதுகு காட்டச் சொன்னாள் ஆர்ஃபா. கயிற்றைக் கல்லில் கட்டச் சொன்னார் பென்யாத். லாமர் தன் பங்குக்கு, அது தலைகீழாக இருக்கிறது என்றார். அப்போது அது வெர்லினுக்குக் கேலியாகப் பட்டது; கடைசியில் பார்த்தால் தலைகீழாகத்தான் இருந்தது.

சூரியன் எதிர்மலையின் முதுகில் தாடையை வைத்தபோது மூன்று கழிகள் நின்றிருந்தன. நாலாவது முளை பாறையில் இறங்க மறுத்தது. அடித்த அடியில் சுத்தியல் வளைந்தது. வெர்லின் சுத்தியலை எறிந்துவிட்டு, கூடாரத்துக்குள் புகுந்து, நாலாவது கழியைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துணி நிமிர்ந்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் நின்றது.

வெளியே பேனா மூடி திறக்கிற சின்னச் சத்தம் கேட்டது.

"நாலு," என்றாள் மாரிசேலா.

உள்ளே வெர்லின் கழியை விடவில்லை. விட்டால் கூடாரம் விழும் என்பதால்தான் விடவில்லை என்று அவர் பின்னால் சொன்னார். கண் ஏன் அப்படிக் கலங்கியிருந்தது என்று ஆர்ஃபா கேட்டதற்குப் புழுதி என்றார். புழுதிக்கு அங்கே பஞ்சமில்லை, ஆகவே அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெளிச்சம் மங்கிவரும் நேரத்தில் சிவப்பு வண்டிக்காரப் பெண் கூடார வாசலில் குனிந்து பார்த்தாள். உள்ளே இருப்பவர்தான் பொறுப்பாளர் என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. குழந்தைகள் பைன் கொட்டை பொறுக்க ஆசைப்படுகிறார்கள், இங்கே பொறுக்கலாமா, எவ்வளவு பொறுக்கலாம், பொறுப்பாளரைக் கேட்காமல் செய்ய வேண்டாமென்று பார்க்கிறாள், அவர் எங்கே இருப்பார் என்று கேட்டாள்.

வெர்லினுக்கு அந்த விதி தெரியும். பக்கம் தெரியும், பத்தி தெரியும், எடைகூடத் தெரியும். அவர் கழியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அவரு இன்னிக்கு லீவும்மா," என்றார். "கொஞ்சம் தொணதொணன்னு பேசற ஆளு. அவரு வர்றதுக்குள்ள பொறுக்கிக்கச் சொல்லு."